மணிக்கட்டு எலும்பும் தேசக்கொடியும்: உலக இளையோர் கால்பந்து பற்றிச் சில விளக்கங்கள்

கால்பந்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் நமக்குள் உண்டு. ‘விளையாட்டு ஒரு போதை, மக்களைத் திசைதிருப்பும் வேலை, அவ்வளவுதானே’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. ‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்பது அவர்கள் பாட்டு. பார்க்கப்போனால் இரண்டு தரப்பும் செய்வது ஒரே காரியம்தான். விளையாட்டு எப்படி நடத்தப்படுகிறது என்று கிட்டப்போய்ப் பார்க்கும் சிரமத்தை இருவருமே மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள்.

கிட்டப்போய்ப் பார்ப்பதற்கு நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய உலகக் கோப்பையைவிட, 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் தேசிய அணிகளின் போட்டிகளே தோதானவை என்பது என் எண்ணம். பெரிய கோப்பையில் எல்லாம் பூசி மெழுகி முடிந்திருக்கும். தேசம், வீரன், வெற்றி எல்லாமே இயற்கையாக முளைத்தவை மாதிரித் தெரியும். சாரம் பிரிக்காத வீட்டில்தான் எந்தச் செங்கலை எதன்மேல் வைத்தார்கள் என்பது தெரியும். இளையோர் போட்டிகள் அப்படிப்பட்ட சாரம் பிரிக்காத வீடுகள். ஒரு பையனின் உடலிலிருந்து வயது எப்படி எடுக்கப்படுகிறது, அந்த வயதிலிருந்து விலை எப்படி எடுக்கப்படுகிறது, இரண்டுக்கும் மேலே கொடி எப்படிப் போர்த்தப்படுகிறது என்பதை இங்கே வெளிச்சத்தில் பார்க்கலாம். இந்த மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோற்றம்

இந்தப் போட்டிகள் பையன்களின் ஆசையிலிருந்து பிறந்தவை அல்ல. 1974இல் ஃபிஃபாவின் தலைவர் பதவிக்கு பிரேசிலின் ஜோவோ ஹாவலாஞ்ச் போட்டியிட்டார். எதிரே நின்றவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரவுஸ். ஃபிஃபாவில் ஒரு நாட்டுச் சங்கத்துக்கு ஒரு ஓட்டு. காலனியத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஓட்டுகள் குவிந்து கிடந்தன. ஐரோப்பாவின் பிடியைத் தளர்த்துவேன், உங்களுக்கும் இடம் தருவேன் என்று ஹாவலாஞ்ச் வாக்குக் கொடுத்தார். இளையோருக்கான உலகப் போட்டியும் அந்த வாக்குறுதிகளில் ஒன்று. வாக்குறுதியை நிறைவேற்றப் பணம் வேண்டுமே. பணம் கோகோ கோலாவிடமிருந்து வந்தது. 1977இல் துனீசியாவில் 16 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. கோப்பையின் பெயரிலேயே கோகோ கோலா இருந்தது. வென்றது சோவியத் யூனியன்! பனிப்போர் உச்சத்தில் அமெரிக்கக் குளிர்பானத்தின் கோப்பையை சோவியத் இளைஞர்கள் தூக்கிப் பிடித்த அந்தக் காட்சியை யாரும் கற்பனை செய்யத் தேவையிருக்கவில்லை. அது நடந்தது.

மூன்றாம் உலகின் நியாயமான கோரிக்கையும் பன்னாட்டு மூலதனத்தின் சந்தைத் தேவையும் ஒரே வண்டியில் ஏறி வந்தன என்பது இங்கே கவனிக்க வேண்டியது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இன்னொன்றை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். துனீசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா, மெக்சிகோ, சோவியத் யூனியன், சிலி, சவுதி அரேபியா என்று முதல் ஏழு போட்டிகளில் ஒன்றுகூட மேற்கு ஐரோப்பாவில் நடக்கவில்லை. 1981இல் கத்தார் பையன்கள் பிரேசிலையும் இங்கிலாந்தையும் தோற்கடித்து இறுதியாட்டம் வரை வந்தார்கள். பெரியவர்களின் கோப்பையில் அப்போது இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

16 வயதுக்குட்பட்டோருக்கு சிங்கப்பூர் 1977இலேயே லயன் சிட்டி கோப்பை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. அந்த வழியில் ஃபிஃபாவும் 1985இல் சீனாவில் 16 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியை நடத்தியது. வென்றது நைஜீரியா. 1991 முதல் வயது வரம்பு 17 ஆனது. பெண்களுக்கு எப்போது வந்தது? 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2002இல் கனடாவில், 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2008இல் நியூசிலாந்தில். துனீசியாவிலிருந்து எண்ணினால் பெண் உடல் இந்த மைதானத்துக்குள் நுழைய கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது. மூலதனம் எல்லோரையும் சமமாகப் பார்க்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறை எளிது. ஆறு கண்டக் கூட்டமைப்புகள் தகுதிச் சுற்றுகள் நடத்தி அணிகளை அனுப்புகின்றன. குறிப்பிட்ட ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் மட்டுமே ஆடலாம். பல காலம் இரண்டாண்டுக்கு ஒருமுறை 24 அணிகளோடு நடந்துவந்த 17 வயது ஆண்கள் போட்டி, 2025 முதல் 48 அணிகளோடு ஆண்டுதோறும் கத்தாரில் நடக்கும் ஏற்பாடாகிவிட்டது. 2029 வரை இந்த ஏற்பாடு. பதின்வயது இப்போது வருடாந்திர அறுவடை.

2. வயது என்னும் சொல்லாடல்

17 வயது என்றால் என்ன? கேள்வி அபத்தமாகத் தோன்றலாம். பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று நம் பாட்டியல் நூல்கள் ஆணின் பருவங்களைப் பிரித்தன. குழந்தைப் பருவம் என்பதே வரலாற்றில் கட்டமைக்கப்பட்ட ஒன்று என்று ஃபிலிப் ஆரியேஸ் 1960இல் எழுதினார். பருவம் வேறு, பிறந்த தேதி வேறு. பருவத்தை ஊர் பார்த்துச் சொல்லும். தேதியை அரசு எழுதிவைக்கும். ஊர் சொல்வது முன்னே பின்னே இருக்கலாம். அரசுக்கு முன்னே பின்னே கிடையாது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ‘சரி, சேர்த்துக்கங்க’ என்று தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பள்ளி திறக்கும் மாதத்துக்குக் கணக்கு ஒத்துவர வேண்டுமே, அதனால் ஊரில் பாதிப்பேருக்குப் பிறந்த மாதம் மே அல்லது ஜூன். என் சான்றிதழிலும் ஜூன்தான். அம்மாவைக் கேட்டால், ‘நீ பொறந்தது ஐப்பசி அடைமழையில’ என்பாள். இதை மோசடி என்று யாரும் சொன்னதில்லை. படிக்கவைக்க வேண்டும் என்ற அக்கறைக்கும் விண்ணப்பத்தில் கட்டம் நிரம்ப வேண்டும் என்ற அரசின் தேவைக்கும் இடையே நடந்த ஒரு சமரசம் அது.

இதே சமரசம் உலகப் போட்டி மைதானத்துக்கு வரும்போது குற்றமாகிவிடுகிறது. 1988இல் 20 வயதுக்குட்பட்டோர் தகுதிப் போட்டியில் வயது கூடிய நான்கு பேரை மெக்சிகோ ஆடவைத்தது வெளியானது. எல்லா மட்டத்து மெக்சிகோ அணிகளுக்கும் இரண்டாண்டுத் தடை. ஒரு பாவமும் அறியாத பெரியவர்களின் அணி 1990 உலகக் கோப்பைக்கே போக முடியவில்லை. அதே காலத்தில் நைஜீரிய வீரர்கள் சிலரின் பிறந்த தேதிகள் ஒவ்வொரு போட்டியிலும் ஒவ்வொன்றாக இருப்பதாகக் கண்டு அந்நாட்டுக்கும் தடை வந்தது. 1991இல் நைஜீரியா நடத்தவிருந்த உலகப் போட்டி போர்ச்சுகலுக்குப் போனது. 1989இல் ஸ்காட்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே பெனால்டியில் வென்று சவுதி அரேபியப் பையன்கள் கோப்பையை எடுத்தபோதும் வயதுச் சந்தேகம் கிளப்பப்பட்டது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காகிதத்தை நம்ப முடியாது என்று முடிவானதும் எலும்பைப் படிக்கத் தொடங்கினார்கள். முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டில் முடியும் இடத்தில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. வளரும் வயதில் அது குருத்தாகத் தனித்துத் தெரியும். வளர்ச்சி முடியும்போது எலும்போடு இணைந்து மறையும். எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு உண்டு, நோயில்லாத பிள்ளைகளுக்கு அதை எடுப்பது மருத்துவ அறமாகாது. அதனால் ஃபிஃபா எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தது. இணைவை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். ஆறாவது படி, அதாவது முழு இணைவு என்றால் 17ஐத் தாண்டியவர் என்று முடிவு. 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயது உலகப் போட்டியிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. போட்டியை நடத்திய நைஜீரியாவே தன் அணியில் பலரை முன்கூட்டியே நீக்கவேண்டி வந்தது. 2023 ஜனவரியில் கேமரூன் தன் 17 வயது அணியைச் சோதித்தபோது 30 பேரில் 21 பேர் தேறவில்லை.

இந்த அறிவியலைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஃபிஃபா மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளின் இளம் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்யப்பட்டது. அவர்களில் 16 வயதில் தட்டு முழுதாக இணைந்தவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நல்ல துல்லியம்தான். ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. 17ஐத் தாண்டியும் தட்டு இணையாதவர்கள் ஏராளம். அவர்கள் சோதனையில் தேறிவிடுவார்கள். ஆக, இந்த ஸ்கேன் வயதைச் சொல்லவில்லை. ‘இந்த உடல் அநேகமாகப் பதினேழுக்குட்பட்டதல்ல’ என்ற ஒரு நிகழ்தகவை மட்டும் சொல்கிறது. அநேகமாக என்ற சொல் அறிக்கையில் இருக்கும், விமான டிக்கெட்டை ரத்து செய்யும்போது இருக்காது. நூற்றில் ஒருவனுக்கும் குறைவாக விழும் அந்தப் பிழை யார் தலையில் விழுகிறதோ அவனுக்கு அது நூற்றுக்கு நூறு. எந்தக் கண்டத்துப் பையன்கள் மீது அதிகச் சந்தேகமோ, சஹாராவுக்குத் தெற்கே உள்ள அந்த ஆப்பிரிக்காவின் ஒரு நாடுகூட மேற்சொன்ன நான்கில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எலும்பைப் படிக்கும் கலைக்கு முன்கதை ஒன்றும் இருக்கிறது. உலகெங்கும் வயது கணிக்கப் பயன்பட்ட கிரூலிக், பைல் இருவரின் எலும்புப் படத்தொகுப்பு 1950இல் வெளியானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகளை 1930களில் படம் பிடித்துச் சேர்த்தது அது. அந்தப் பிள்ளைகளின் கை, மனிதகுலத்தின் கையாகிவிட்டது. நம் நீதிமன்றங்களிலும் எலும்புச் சோதனை உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறது, பிறகு உள்ளாட்சி பிறப்புச் சான்றிதழை, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பை. அப்படி எலும்பைக் கேட்டாலும் இருபக்கமும் இரண்டாண்டு பிழை இருக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1982லேயே ஜெயமாலா வழக்கில் சொல்லியிருக்கிறது. சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம் ஏற்கும் தயக்கத்தைக் கால்பந்து நிர்வாகம் ஏற்பதில்லை. புகலிடம் தேடி ஐரோப்பா வந்த பையனிடம் ‘நீ சிறுவன் இல்லை’ என்று நிறுவவும் இதே எலும்பைத்தான் பார்க்கிறார்கள். ஃபூக்கோ சொன்ன அந்தக் கண்காணிப்பு, தோலையும் தாண்டி உள்ளே போய்விட்டது.

யுனிசெஃப் கணக்குப்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை. அவர்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். பதிவு செய்யாதது அரசு. தேதியை மாற்றி எழுதுவது சங்கத்து அதிகாரியோ முகவரோ. மணிக்கட்டை நீட்டி நிற்பவன் மட்டும் பையன். தண்டனையும் அவனுக்கே.

3. ஜனவரியில் பிறந்தவர்கள்

‘சரி, ஏமாற்றினால் தண்டிக்க வேண்டாமா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 19 வயதுப் பையனை 16 வயதுப் பையனுக்கு எதிரே நிறுத்துவது அநியாயம். அவன் எடுத்துக்கொண்ட இடம் இன்னொரு ஏழைப் பையனின் இடம். இதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் ‘நேர்மையான வயது’ என்ற ஒன்று மறுபக்கம் தூய்மையாக இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஜனவரி 1 வெட்டுத்தேதி என்றால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணி, ஒரே வயது. ஆனால் உடலில் பதினோரு மாத வித்தியாசம். 13, 14 வயதில் பதினோரு மாதம் என்பது ஒரு சாண் உயரம், ஒரு நெஞ்சளவு. பயிற்சியாளர் கண்ணுக்குப் பெரியவன் ‘திறமைசாலி’யாகத் தெரிவான். அவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், அடுத்த ஆண்டு உண்மையிலேயே திறமைசாலி ஆகியிருப்பான். டிசம்பர்ப் பையன் பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பான், பிறகு வராமலே போவான். 1992இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று 1989 இளையோர் உலகப் போட்டிகளின் ஆட்டக்காரர் பட்டியல்களை எடுத்துப் பார்த்தது. அப்போது வெட்டுத்தேதி ஆகஸ்ட் 1. அந்தத் தேதியை ஒட்டிய மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருந்தார்கள். 1999இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவில் வெட்டுத்தேதியை மாற்றியதும், தேர்வாகிறவர்களின் பிறந்த மாதங்களும் புதிய தேதிக்கு நகர்ந்துவிட்டன. நட்சத்திரமும் காரணமில்லை, தட்பவெப்பமும் காரணமில்லை. ஒரு அலுவலகக் கோடு ‘திறமை’யை உற்பத்தி செய்திருக்கிறது.

லாகோஸில் தேதியை மாற்றினால் மோசடி. ஜெனீவாவிலோ சூரிக்கிலோ தேதி போட்டு, அதற்கேற்பப் பையன்களை ஐரோப்பியக் கால்பந்துக் கூடங்கள் சலித்தெடுத்தால் அது ‘தேர்வுமுறை’. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முதலாவது விதியை மீறுகிறது, இரண்டாவது விதியே அநியாயமாக இருக்கிறது. மீறலைப் பிடிக்க எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்துவிட்டது. விதியைப் பிடிக்க எந்த இயந்திரமும் வரவில்லை. இதுதான் மேலாண்மை வேலை செய்யும் விதம்.

4. விலை

1991இல் இத்தாலியில் நடந்த 17 வயது உலகப் போட்டியை கானா வென்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து நீ லாம்ப்டே என்ற பையனுக்கு. என் வாரிசு என்று பெலே சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர். பதினாறு வயதிலேயே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கிளப்புக்கு ஆடத் தொடங்கியவர். பிறகு ஹாலந்து, இங்கிலாந்து, இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, போர்ச்சுகல், ஜெர்மனி, சீனா என்று கைமாறிக்கொண்டே இருந்தார். எங்கும் வேர் பிடிக்கவில்லை. வாசிக்கத் தெரியாமலே முகவரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னார். ஆட்டம் ஓய்ந்த பிறகு அக்ராவில் அவர் தொடங்கியது ஒரு பள்ளிக்கூடம். இதற்குமேல் விளக்கவுரை தேவையில்லை.

2001இல் ஃபிஃபா விதி கொண்டுவந்தது: 18 வயது ஆகாதவரை நாடுவிட்டு நாடு மாற்றக்கூடாது. விதிவிலக்குகள் உண்டு. கால்பந்து சாராத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்தால் போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முடிந்தால் போகலாம். விதி வந்தது நல்லதே. ஆனால் விளைவைப் பாருங்கள். பையனை 18 வரை நகர்த்த முடியாது, அதுவரை அவனைப் பார்த்துவைக்க ஒரு கண்காட்சி வேண்டும். இளையோர் உலகப் போட்டி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது மாதிரி, பேச்சு முன்பே முடிந்திருக்கும். பிரேசிலின் வினீசியஸ் ஜூனியரை 2017இல், பதினாறு வயதில், ரியல் மாட்ரிட் விலை பேசி முடித்தது. 18 ஆனதும் வருவான் என்று ஒப்பந்தம்.

அதே ஆண்டு 17 வயது உலகப் போட்டி இந்தியாவில். வினீசியஸ் வரவில்லை, அவருடைய கிளப் அனுப்ப மறுத்துவிட்டது. இங்கிலாந்து அணியின் ஜேடன் சாஞ்சோ வந்தார், கொல்கத்தாவில் முதல் சுற்று ஆடினார், ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் கூப்பிட்டதும் பாதியில் கிளம்பிப் போனார். தேசிய கீதத்துக்கு நெஞ்சில் கைவைத்து நிற்பதெல்லாம் முதலாளி கூப்பிடும்வரைதான். பெரியவர்களின் தேசிய அணி ஆட்டங்களுக்கு வீரரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கிளப்புகளுக்குக் கட்டாயம் உண்டு. இளையோர் போட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு வீரர் கைமாறும்போது விலையில் 5 சதவீதத்தை, அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் சதவீதம். 16 முதல் 23 வரை அரை சதவீதம். ஏழை நாட்டுச் சிறு கிளப்புகளுக்கு இது உதவுகிறது, மறுக்க முடியாது. ஆனால் ஒரு பையனின் பன்னிரண்டாம் வயது விலையில் கால் சதவீதம் என்று எழுதிவைத்துவிட்ட பிறகு, வயதைச் சரியாகத் தெரிந்துகொள்வதில் நிர்வாகத்துக்கு இருக்கும் அக்கறை வெறும் நியாய உணர்ச்சி என்று நம்பச் சொல்லாதீர்கள்.

5. எந்த தேசம்?

1987இல் சிலியில் நடந்த 20 வயது உலகப் போட்டியை யூகோஸ்லாவியா வென்றது. இறுதியாட்டம் சாந்தியாகோ தேசிய மைதானத்தில். 1973இல் பினோசெயின் ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்த அதே மைதானம். பினோசெ அப்போதும் ஆட்சியில்தான் இருந்தார். கோப்பையைத் தூக்கிய பையன்கள் போபான், சூகர், ப்ரோசினெச்கி, மியாடோவிச். ஐந்தே ஆண்டில் அந்த நாடு இல்லை. 1998 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்காக சூகர் 6 கோல் அடித்து முதலிடம் பெற்றார், மியாடோவிச் அதே கோப்பையில் வேறு கொடியின் கீழ் நின்றார். இன்னும் பதினோரு ஆண்டு கழித்து, 2009 நைஜீரியப் போட்டியின் இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கோப்பையைத் தந்த ஒரே கோலை அடித்த ஹாரிஸ் செஃபெரோவிச் போஸ்னியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தவர். அணித் தோழர் கிரானிட் ஜாக்கா கொசோவோ அல்பேனியக் குடும்பம். ஒரு நாடு சிதறி இன்னொரு நாட்டின் பெருமையாக மாறியிருந்தது.

எதிர்த்திசையில் 1991 போர்ச்சுகல். வட, தென் கொரியா இரண்டும் ஒரே அணியாக வந்தன. வெள்ளைத் துணியில் நீலத் தீபகற்பம் கொடி. தேசிய கீதத்துக்குப் பதில் ஆரிராங் என்ற நாட்டுப்பாடல். அர்ஜென்டினாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்தார்கள். காலிறுதியில் பிரேசிலிடம் ஒன்றுக்கு ஐந்து என்று விழுந்தார்கள். இல்லாத ஒரு நாடு நான்கு ஆட்டங்களுக்கு இருந்தது. தேசம் கற்பிதம் செய்யப்பட்ட சமூகம் என்று பெனடிக்ட் ஆண்டர்சனைப் படித்துவிட்டுப் பேசுகிறோமே, கற்பிதம் என்றால் பொய் என்று பொருளல்ல என்பதற்கு இந்த நான்கு ஆட்டங்கள் போதும்.

கொடியை யார் ஏற்றுவது என்பதில் ஃபிஃபா தன் கையை விடுவதில்லை. இஸ்ரேல் அணி வருவதை பாலி ஆளுநர் எதிர்த்ததும், 2023 மார்ச்சில் இந்தோனேசியாவிடமிருந்து 20 வயது உலகப் போட்டி பறிக்கப்பட்டு அர்ஜென்டினாவுக்குப் போனது. எட்டே மாதத்தில் அதே இந்தோனேசியா 17 வயது உலகப் போட்டியை நடத்தியது. இந்தியச் சங்கத்தை நீதிமன்றம் அமைத்த குழு நிர்வகித்ததற்காக 2022 ஆகஸ்டில் இந்தியாவுக்குத் தடை. பதினோரு நாளில் நீக்கம். காரணம் அக்டோபரில் 17 வயதுப் பெண்கள் உலகப் போட்டி இங்கே நடக்கவிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் அந்த அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் ரீதியான தவறான நடத்தைக் குற்றச்சாட்டில் நீக்கப்பட்டிருந்தார். அதற்காக எந்த நாட்டுக்கும் தடை வரவில்லை. அணித்தலைவி ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். அவரைக் கௌரவிக்க அவர் ஊருக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலையில் கல் சுமந்த கூலியாட்களில் அவருடைய பெற்றோரும் இருந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது. 8, 3, 5 என்று பதினாறு கோல் வாங்கியது. சாலையைப் பற்றிப் பேசாமல் கோலைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச எதுவுமில்லை.

2017க்குத் திரும்புகிறேன். 13 லட்சத்து 47 ஆயிரம் பேர் நேரில் பார்த்தார்கள், 17 வயதுப் போட்டியில் அதற்குமுன் கண்டிராத கூட்டம். இந்திய அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர். நாட்டின் மக்கள்தொகையில் மணிப்பூர் அரை சதவீதம்கூட இல்லை. அக்டோபர் 9 அன்று டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடம் ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்தது உலகப் போட்டியில் இந்தியாவின் முதல் கோல். அடுத்த நிமிடமே கொலம்பியா இன்னொன்று அடித்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் நாடு முழுக்க மணிப்பூர்ப் பையனை ‘நம் பையன்’ என்றது. ஆயுதப் படைகள் சிறப்பதிகாரச் சட்டத்தின் கீழ் 1980 முதல் கிடந்த மாநிலத்தின் பையன் அவன்.

2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தது. ஜூலை 4 அன்று பெங்களூரில் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஜீக்சன் இருந்தார். பரிசு வாங்கும்போது மெய்தி மக்களின் ஏழு வண்ணக் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்தார். உடனே எழுந்தது கூச்சல். யாரையும் புண்படுத்த இல்லை, என் மாநிலத்தில் நடப்பதைப் பாருங்கள் என்பதற்காகவே என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. ஆறாண்டுக்கு முன் முதல் கோலுக்குக் கொண்டாடிய அதே தேசம்தான். கோல் அடிக்கலாம், குரல் கொடுக்கக்கூடாது. அந்தக் கொடி குக்கி மக்களுக்கு எப்படிப்பட்ட கொடியாகத் தெரிந்திருக்கும் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். ஒடுக்கப்படுகிறவனின் கொடியும் இன்னொருவன் மேல் நிழலாக விழலாம்.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 10, பூட்டானின் திம்பு நகரம். 16 வயதுக்குட்பட்டோர் தெற்காசிய இறுதியாட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. 23 பேர் அணியில் பெரும்பான்மை மணிப்பூர்ப் பையன்கள். மெய்திகளும் உண்டு, குக்கிகளும் உண்டு. ஒரு கோல் மெய்திப் பையன் அடித்தது, இன்னொன்று குக்கிப் பையன். ‘பாருங்கள், விளையாட்டு ஒன்றுபடுத்துகிறது’ என்று எழுதினார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். அந்த நாட்களில் மெய்தி ஒருவர் மலைக்குப் போக முடியாது, குக்கி ஒருவர் இம்பால் சமவெளிக்கு வர முடியாது. நடுவே ராணுவம் காவல் நிற்கும் கோடு. பெரியவர்கள் கிழித்த அந்தக் கோட்டைப் பையன்கள் பந்து கொடுத்து வாங்கி அழித்துவிட முடியாது, அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை.

செய்யக்கூடியவை என்று சிலவற்றைக் கேட்கலாம். பிறப்புப் பதிவைக் குழந்தையின் உரிமையாக அரசு நிறைவேற்றட்டும், எலும்பைப் பிறகு பார்க்கலாம். சந்தேகத்தின் பலன் சிறுவனுக்கே என்ற நீதிமன்ற மரபு மைதானத்துக்கும் வரட்டும். தேதி மோசடிக்கு எழுதிய அதிகாரி தண்டிக்கப்படட்டும். பயிற்சி முகாம்களில் பெண் பிள்ளைகள் புகார் சொல்ல, சங்கத்துக்கு வெளியே ஓர் அமைப்பு இருக்கட்டும். பையன் கையெழுத்திடும் எந்த ஒப்பந்தமும் அவன் தாய்மொழியில் அவனுக்கு வாசித்துக் காட்டப்படட்டும். இவற்றில் எதுவும் புரட்சி இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் இவற்றைக்கூடக் கேட்காமல் போட்டியைப் புறக்கணிப்பதும், இவற்றைக் கேட்காமல் போட்டியை ரசிப்பதும் அந்தப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுவதுதான்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பையன்களும் சட்டையை மாற்றிக்கொள்வார்கள். வயதுச் சான்றிதழ், ஒப்பந்தம், கொடி மூன்றும் அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கும். அந்த மூன்றையும் எழுதியவர்கள் யார் என்று கேட்பது நம் வேலை.